ஊர் மட்ச் பார்க்க ஒரு நடன மண்டபம்

ஈலிங் என்றதும் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கனகதுர்க்கை அம்மன் கோயில்தான். லண்டனில் பெரியம்மாவோ சித்தப்பாவோ இருக்கிற வீடென்றால், அந்தக் கோயில் தேர்த்திருவிழாப் படம் ஒண்டாவது அல்பத்தில் இருக்கும். மேற்கு லண்டனின் அதே ஈலிங்கில், 1990 யூன் 21 ஆம் திகதி இரவு, கிட்டத்தட்ட ஆயிரம் பேர் ஒரு நடன மண்டபத்துக்குள் போய் அடைந்தார்கள். மண்டபத்தின் பெயர் ரொப் ஹற். அண்டைக்கு அங்கே நடனமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு பெரிய திரை மட்டும் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அயர்லாந்திலிருந்து பிழைப்புக்காக லண்டன் வந்தவர்கள், இல்லாவிட்டால் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். தங்கட நாடு உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்தோடு விளையாடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

இது ஒரு சின்னச் சம்பவம். உலகக் கிண்ண வரலாறுகளில் அதிகமாக வராது. ஆனால் பிற்காலத்தில் கோடிக்கணக்கான பவுண்ஸ் புரண்ட ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இந்த ஒரு இரவிலிருந்துதான் தொடங்கியது. எங்களுக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாசையூரிலோ நாவாந்துறையிலோ ஒரு உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நடந்தால், கோட்டுக்குப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தர் நிற்பார். அவர் பிடிக்கிறது மைதானத்தில் நிற்கிற எங்களுக்காக இல்லை, பாரிஸில் கோப்பை கழுவிற இடைவேளையில் பார்க்கிற அண்ணைக்காக. வெளியில் போன ஒருத்தர் ஊர் மட்சைப் பார்க்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று யோசித்துக்கொண்டு போனபோதுதான் ஐரிஷ்காரரின் கதையில் வந்து நின்றோம்.

முதலில் அந்த இரவு. 1990 இல் இத்தாலியில் நடந்தது அயர்லாந்துக் குடியரசு விளையாடிய முதலாவது உலகக் கிண்ணம். எஃப் பிரிவில் இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, எகிப்து என்று நாலு அணிகள். யூன் 11 இல் இங்கிலாந்தோடு 1-1. யூன் 17 இல் எகிப்தோடு 0-0. கடைசிச் சுற்றில் பிரிவின் இரண்டு மட்சுகளும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. அதனால் அயர்லாந்து பலேர்மோவில் நெதர்லாந்தோடு மோதுகிற அதே மணிக்கு இங்கிலாந்து கலியாரியில் எகிப்தோடு மோதியது. பிரித்தானியத் தொலைக்காட்சி எதைக் காட்டும்? கேட்கத் தேவையே இல்லை. இங்கிலாந்து மட்சைத்தான். அப்போது அங்கே சாதாரண அன்ரெனாவில் வருவது நாலே நாலு அலைவரிசைகள். அயர்லாந்து மட்சை நேரலையாகப் பார்க்க லண்டனில் வழியில்லை.

மைக்கல் ஓ'ரூர்க், லெனார்ட் றயன் என்று இரண்டு ஐரிஷ் இளைஞர்கள் அப்போது லண்டனில் இருந்தார்கள். மட்ச் வராது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் அயர்லாந்தின் அரச ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.ரி.ஈ.யிடம் பேசி, அதன் சமிக்ஞையைச் சற்றலைட் வழியாக ஈலிங்குக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வாசலில் காசு வாங்கினார்கள். அவ்வளவுதான் வியாபாரத் திட்டம்.

மட்சின் பத்தாவது நிமிடத்தில் ரூட் குலிட் கோல் அடித்தார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அந்த மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 71 ஆவது நிமிடத்தில் ஐரிஷ் கோல்காப்பாளர் பக்கி பொனர் பந்தை நெடுந்தூரத்துக்கு உதைக்க, நெதர்லாந்தின் பின்கள வீரர் அதைத் தன் கோல்காப்பாளரிடம் திருப்பிவிட, அவர் கையிலிருந்து பந்து நழுவ, நைல் குவின் சறுக்கிப் போய் உள்ளே தட்டிவிட்டார். 1-1. மற்றப் பக்கம் இங்கிலாந்து முன்னிலையில் இருக்குது என்று தெரிந்ததும், சமநிலை இரண்டு பேருக்கும் காணும் என்று விளங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்காட்டின. புள்ளி, கோல் எல்லாம் ஒரே மாதிரி வந்ததால் இரண்டாம் இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானித்தார்கள். அதில் அயர்லாந்துக்கு அதிர்ஷ்டம். அடுத்து ருமேனியாவோடு 0-0, பெனால்டியில் 5-4. காலிறுதியில் இத்தாலியோடு 1-0 என்று தோல்வி. ஆடுகளத்தில் ஒரு மட்ச்கூட வெல்லாமல் காலிறுதி வரைக்கும் போன அணி அது. திரும்பி வந்தபோது டப்ளின் தெருக்களில் இலட்சக்கணக்கில் சனம்.

வென்ற அணிக்குக் கூட்டம் கூடுவது ஒரு புதினம் இல்லை. வெல்லாத அணிக்கு ஏன் இவ்வளவு என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அயர்லாந்தில் "ஃபுட்போல்" என்று சொன்னால் எந்த ஃபுட்போல் என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்களுக்கென்று கேலிக் ஃபுட்போல் இருக்கிறது. பந்தைக் கையாலும் எடுக்கலாம், ஒரு பக்கத்துக்குப் 15 பேர், கோலுக்கு 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் சாதாரணமாக 1 புள்ளி. மட்டையோடு விளையாடுகிற ஹேர்லிங் இன்னொன்று. இரண்டையும் நடத்துவது 1884 இல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்ற சங்கம். ஆங்கிலேயரின் விளையாட்டுகள் ஐரிஷ் மண்ணின் விளையாட்டுகளை விழுங்கிவிடும் என்ற பயத்தில் பிறந்த சங்கம் அது. அதனால் சங்கத்தில் இருக்கிறவர்கள் சொக்கர், றக்பி, கிரிக்கெற், ஹொக்கி எதையும் விளையாடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று தடை வைத்திருந்தார்கள். பகிடி இல்லை. நாட்டின் முதல் சனாதிபதி டக்ளஸ் ஹைட், ஐரிஷ் மொழிக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர், 1938 இல் அயர்லாந்து - போலந்து சொக்கர் மட்ச் ஒன்றைப் பார்க்கப் போனதற்காகச் சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தடை 1971 இல்தான் எடுபட்டது.

ஆக, ஈலிங் மண்டபத்தில் இருந்தவர்களில் கொஞ்சம் வயது கூடியவர்களுக்கு, தங்கட இளமைக் காலத்தில் சொக்கர் என்பது "அந்நிய விளையாட்டு". அவர்கள் ஊரை நினைத்து ஏங்கியபோது தேடியது கேலிக் ஃபுட்போலையும் ஹேர்லிங்கையும். அதைத் தேடுகிற பழக்கம் தொலைக்காட்சிக்கு மிக முந்தியது.

1926 ஓகஸ்ட் 29 இல் டப்ளினில் நடந்த கில்கெனி - கோல்வே ஹேர்லிங் அரையிறுதியை, அப்போது தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஐரிஷ் வானொலி நேரடி வர்ணனையோடு ஒலிபரப்பியது. ஐரோப்பாவில் மைதான விளையாட்டு ஒன்றுக்கு வந்த முதல் நேரடி வானொலி வர்ணனை அதுதான் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரங்களில் ஊரில் வானொலி இருக்கிற வீட்டு யன்னலடியில் சனம் கூடியது. கடல் தாண்டிப் போனவர்களும் அந்தக் குரலைத் தேடிப் போனார்கள். இங்கிலாந்தில் வேலைக்குப் போனவர்கள் ஞாயிறுகளில் காரை உயரமான இடத்துக்கு ஏற்றி நிறுத்திவிட்டு, கார் ரேடியோவின் முள்ளைத் திருப்பித் திருப்பி, இரைச்சலுக்குள்ளால் வருகிற வர்ணனையைக் கேட்பார்கள். இரவு பி.பி.சி. தமிழோசையைப் பிடிக்க வானொலியின் முள்ளோடு மல்லுக்கட்டின எங்கட தாத்தாமாருக்கு இது நல்லா விளங்கும்.

1947 இல் நடந்தது இன்னும் விசித்திரம். அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின் மிகக் கொடிய வருடம் 1847. அதன் நூறாவது வருடத்தை நினைவுகூர, அகில அயர்லாந்துக் கேலிக் ஃபுட்போல் இறுதிப்போட்டியை நியூயோர்க்குக்கே கொண்டுபோய்விட்டார்கள். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் குவிந்திருந்த நகரம் அது. அப்போது அந்த நகரத்தின் மேயரே மேயோ மாவட்டத்தில் பிறந்த வில்லியம் ஓ'டுவையர். செப்ரெம்பர் 14 ஆம் திகதி போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்போல் மைதானத்தில் கவனும் கெரியும் மோதின. 34,491 பேர் பார்த்தார்கள். ஊரில் இருந்தவர்கள்தான் இந்தமுறை வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்கவேண்டி வந்தது. அத்திலாந்திக்கைத் தாண்டும் தொலைபேசி இணைப்பு நியூயோர்க் நேரம் 5 மணி வரைக்கும்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது. தொடக்கத்தில் நடந்த பேச்சுகளாலும் சம்பிரதாயங்களாலும் மட்ச் பிந்திவிட்டது. இணைப்பு அறுபடப் போகுது என்று கண்ட வர்ணனையாளர் மிஹோல் ஓ'ஹெயர், வர்ணனைக்கு நடுவிலேயே, இந்த வழியில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கோ என்று மன்றாடினார். யாரோ கேட்டிருக்க வேண்டும். இணைப்பு அறுபடவில்லை. கவன் 2-11 இற்கு 2-7 என்று வென்றதை நாடு முழுக்கக் கேட்டது. முகம் தெரியாத அந்தத் தொலைபேசி ஊழியரை நினைத்தால் எங்களுக்கு ஒரு கும்பிடு போடவேண்டும் போல இருக்கும்.

1950களில் மட்டும் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். பெரும்பாலானவர்கள் போனது பிரித்தானியாவுக்கு. ஆண்கள் கட்டட வேலைக்கும் வீதி வேலைக்கும், பெண்கள் தாதிமாராகவும் வீட்டு வேலைக்கும் போனார்கள். கிறிக்கிள்வூட்டிலும் கில்பேர்ணிலும் ஐரிஷ் நடன மண்டபங்கள் முளைத்தன. 1952 இல் திறந்த கோல்ரிமோர் மண்டபம் 2008 வரைக்கும் இருந்தது. ஊர்க்காரரைச் சந்திக்க, வேலை விசாரிக்க, கலியாணம் பேச எல்லாம் அதே மண்டபங்கள்தான். 1990 இல் மட்ச் போட மண்டபம் தேடியபோது நடன மண்டபம் ஒன்று கிடைத்தது தற்செயல் என்று எங்களுக்குப் படவில்லை. கூடுகிற இடம் ஏற்கெனவே இருந்தது. திரை மட்டும்தான் புதிசு.

ஆனால் இடையில் 1974 வந்தது. அதைச் சொல்லாமல் ஈலிங் இரவை விளங்கிக்கொள்ள ஏலாது.

1974 நவம்பர் 21 இல் பேர்மிங்ஹாமில் இரண்டு பப்களில் குண்டுகள் வெடித்து 21 பேர் செத்தார்கள். ஐ.ஆர்.ஏ.தான் செய்தது என்று எல்லாரும் நம்பினார்கள். எட்டு நாளிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பெயர்: பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கா? அடைப்புக்குறி உட்பட அதே பெயரில்தான் 1979 இல் எங்கட நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் அகராதியில் இல்லாத ஒரு அர்த்தம். அந்தச் சட்டத்தின்படி ஒருவரை ஏழு நாள் வரைக்கும் குற்றச்சாட்டு இல்லாமல் வைத்திருக்கலாம், பிரித்தானியப் பெருநிலத்திலிருந்தே வெளியேற்றலாம். துறைமுகத்தில் ஐரிஷ் உச்சரிப்போடு வாய் திறந்தாலே மறித்து விசாரிப்பார்கள். பேர்மிங்ஹாமில் நடந்துவந்த சென். பற்றிக் தின ஊர்வலம் நின்றுபோய், 1996 இல்தான் மீண்டும் நடந்தது. குண்டுவைத்தவர்கள் என்று ஆறு ஐரிஷ்காரர் ஆயுள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் செய்யவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு விடுவித்தது 1991 மார்ச்சில். அதாவது, ஈலிங்கில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த அந்த இரவு, அந்த ஆறு பேரும் இன்னும் உள்ளே.

ஒரு தலைமுறை பொது இடத்தில் குரலைத் தாழ்த்தப் பழகியது. பஸ்ஸில் ஊர் ஆளைக் கண்டாலும் மெதுவாகக் கதைப்பது, வேலையிடத்தில் செய்தி போனால் தலையைக் குனிந்துகொள்வது. எங்கட ஆக்கள் கொழும்பில் பஸ்ஸுக்குள்ளே தமிழில் போன் கதைக்கத் தயங்கின காலத்தை நேரில் அனுபவிக்காத நாங்களும் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படிப் பழகிய சனத்துக்கு, பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு ஆயிரம் பேரோடு ஒரு மண்டபத்துக்குள் நின்று, தொண்டை கட்டுமட்டும் கத்துகிறது வெறும் விளையாட்டு இல்லை.

1980களில் போன கூட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. 1989 ஏப்ரலோடு முடிந்த ஒரே வருடத்தில் நிகரக் கணக்கில் 44,000 பேர் அளவில் வெளியேறினார்கள். மொத்தச் சனத்தொகையே 35 இலட்சம்தான். இவர்களில் பட்டம் முடித்தவர்களும் கனபேர். விமான ரிக்கெற் மலிந்திருந்தது. தகப்பன்மாரைப் போல ஒதுங்கி இருக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. மட்ச் வராது என்றால், சரி வராது என்று விடாமல், சற்றலைட் சமிக்ஞை என்ன விலை என்று கேட்கிற துணிவு இவர்களுடையது.

சரி, அவர்கள் பார்க்கப் போன "ஊர் அணி" எது? இங்கேதான் விசயம் சுவாரசியமாகிறது. பயிற்றுநர் ஜக் சார்ல்டன் 1966 இல் இங்கிலாந்துக்காக உலகக் கிண்ணம் வென்ற ஆங்கிலேயர். ஜோன் ஓல்ட்ரிஜ் பிறந்தது லிவர்பூலில். றே ஹௌட்டன் கிளாஸ்கோவில். மிக் மக்கார்த்தி பார்ன்ஸ்லியில். பெற்றோரில் ஒருத்தரோ பாட்டன் பாட்டியில் ஒருத்தரோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் ஆடலாம் என்பது விதி. சார்ல்டன் அந்த விதியை உருவிப் பயன்படுத்தினார். அதனால் ஆங்கிலப் பத்திரிகைகள் நக்கலடித்தன, ஊரிலும் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ: 1950களில் கப்பலேறினவர்களின் பிள்ளைகள்தான் அந்த அணி. ஊர் தன்னால் வைத்துச் சாப்பாடு போட முடியாமல் அனுப்பிவிட்ட சனத்தின் பிள்ளைகள் திரும்பி வந்து ஊருக்காக ஆடுகிறார்கள். 1988 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 1-0 என்று வென்ற அந்தத் தலைக் கோல், கிளாஸ்கோவில் பிறந்த ஹௌட்டனுடையது.

அணியின் தூண் என்று சொல்லத்தக்க போல் மக்ரா பிறந்தது எங்கே தெரியுமோ? இதே ஈலிங்கில். 1959 இல். தாய் அயர்லாந்துக்காரி, தகப்பன் நைஜீரியர். கலியாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்ணை ஊர் என்ன பாடுபடுத்தும் என்று பயந்து லண்டன் வந்து பிள்ளையைப் பெற்றார் அந்தத் தாய். பிள்ளை டப்ளினில் அநாதை இல்லங்களில் வளர்ந்தது. கறுத்த ஐரிஷ் பையனாக அவர் பட்டதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யார் ஊர்க்காரர், யார் இல்லை என்று பிறப்பிடத்தையும் நிறத்தையும் வைத்து அளக்கிற எல்லா அளவுகோலையும் இந்த ஒரு மனிதர் முறித்துப்போட்டார். பலேர்மோவில் அவர் விளையாடியதை அவர் பிறந்த இடத்திலேயே ஆயிரம் பேர் இருந்து பார்த்தார்கள்.

டெர்மட் போல்ஜர் என்ற எழுத்தாளர் 1990 இல் மேடையேற்றிய "இன் ஹை ஜேர்மனி" என்ற ஓராள் நாடகம் இதைத்தான் தொடுகிறது. 1988 இல் நெதர்லாந்திடம் தோற்றுப் போட்டியை விட்டு வெளியேறிய பிறகு, ஜேர்மனியில் வேலை செய்கிற ஒரு ஐரிஷ்காரன் ரயில் நிலையத்தில் நின்று கதைக்கிறான். தன் பிள்ளை ஜேர்மனியில்தான் வளரும், தான் திரும்பிப் போகப்போவதில்லை என்று அவனுக்கு விளங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த நாட்டைவிட, சிதறிப்போனவர்களின் பிள்ளைகள் ஆடுகிற இந்த அணிதான் தனக்கென்று மிஞ்சியிருக்கிற நாடு என்ற இடத்துக்கு அவன் வந்து சேர்கிறான். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ யாராவது இதைப் போல ஒண்டு தமிழில் எழுதினால் நாங்கள் கட்டாயம் வாசிப்போம்.

ஒரு முரணையும் சொல்லவேண்டும். ஐரிஷ்காரர் லண்டனிலிருந்து ஊர் மட்சுக்கு ஏங்கிய அதே காலத்தில், ஊரில் இருந்தவர்கள் இங்கிலாந்து மட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்தின் சொந்தத் தொலைக்காட்சி 1961 இன் கடைசி இரவில்தான் தொடங்கியது. அதற்கு முந்தியே கிழக்குக் கரையிலும் எல்லையோரத்திலும் வீட்டுக் கூரைகளில் உயரமான அன்ரெனாக்கள் வேல்ஸையும் பெல்ஃபாஸ்ற்றையும் பார்த்து நின்றன. 1964 இல் பி.பி.சி.யின் "மட்ச் ஒஃப் த டே" வந்த பிறகு, டப்ளின் பையன்கள் மன்செஸ்ரருக்கும் லிவர்பூலுக்கும் ஆதரவாளர் ஆனார்கள். உள்ளூர் லீக் மைதானங்கள் மெல்ல மெல்ல வெறிச்சோடின. யாழ்ப்பாணத்தில் 80களில் தூரதர்ஷன் பிடிக்கப் பனை உயரத்துக்கு அன்ரெனா கட்டின கதைகளைக் கேட்டவர்களுக்கும், சனிக்கிழமை இரவு பிரீமியர் லீக் பார்த்துவிட்டு ஞாயிறு பின்னேரம் ஊர்க் கழகத்தின் மட்சுக்குப் போகாமல் படுத்திருக்கிறவர்களுக்கும் (எங்களுக்குள்ளேயும் ஆக்கள் இருக்கினம்) இது புதிசாக இருக்காது. வெளியில் போனவருக்கு ஊர் மட்ச் வேணும், ஊரில் இருக்கிறவருக்கு வெளி மட்ச் வேணும்.

ஈலிங் இரவுக்குப் பிறகு ஓ'ரூர்க்கும் றயனும் கம்பனி தொடங்கினார்கள். பெயர் செற்றான்ரா. ஐரிஷ் புராணத்தின் மாவீரன் கூ ஹுலினின் சிறுவயதுப் பெயர் அது. காவல் நாய் பாய்ந்து வந்தபோது ஹேர்லிங் மட்டையால் பந்தை அதன் தொண்டைக்குள் அடித்துக் கொன்ற பிள்ளை. ஜி.ஏ.ஏ. மட்சுகளையும் அயர்லாந்து அணியின் மட்சுகளையும் சற்றலைட் வழியாகப் பப்களுக்குக் கொடுப்பதுதான் வேலை. முதலில் பிரித்தானியா, பிறகு அமெரிக்கா, அவுஸ்திரேலியா. பப்காரர் வாசலில் காசு அறவிடுவார். நியூயோர்க்கில் ஞாயிறு விடியவே ஐரிஷ் பப் திறந்துவிடும், நேர வித்தியாசம் அப்படி. அங்கே சந்திக்கிறவர்கள் அதே நடன மண்டபத்துச் சனத்தின் பிள்ளைகள். மட்ச் ஒரு சாட்டு, ஆக்களைக் காண்பதுதான் காரியம் என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. மட்சும் வேணும்.

2004 இல் ஸ்கொட்லாந்து லீக் உரிமையை வாங்கினார்கள். அதில் செல்ரிக் இருக்கிறது, கிளாஸ்கோவின் ஐரிஷ் குடியேறிகளுக்காகத் தொடங்கின கழகம். அதுவரைக்கும் கணக்குச் சரி. 2006 இல், ஸ்கை நிறுவனத்தின் தனியுரிமையை உடைக்க ஐரோப்பிய ஆணைக்குழு நெருக்கியதில், இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் ஒரு பங்கு ஏலத்துக்கு வந்தது. பருவத்துக்கு 46 மட்சுகள், மூன்று பருவம், 392 மில்லியன் பவுண்ஸ். வாங்கிப்போட்டார்கள். யாருடைய மட்ச் தங்கட மட்சை மறைத்ததால் கம்பனி பிறந்ததோ, அந்த இங்கிலாந்து மட்சை இங்கிலாந்துக்காரருக்கே விற்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். பழிவாங்கின மாதிரி ஒரு சந்தோசம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடனைத் தாங்க வேண்டிய அளவுக்குச் சந்தாக்காரர் சேரவில்லை. 2009 யூனில் பிரித்தானியப் பகுதி நொடித்து விழுந்தது. அயர்லாந்துப் பகுதி தப்பியது. எங்கட அபிப்பிராயத்தில், ஊருக்கு ஏங்குகிற சனத்துக்கு மட்ச் விற்கும் வரைக்கும் அவர்களுக்கு யாருக்கு விற்கிறோம் என்று தெரிந்திருந்தது. பிரீமியர் லீக்கை யாரிடமும் வாங்கலாம். கெரி - கவன் மட்சை வேறு யாரிடம் வாங்குவது?

பிறகு இணையம் வந்தது. 2014 இல் ஆர்.ரி.ஈ.யும் ஜி.ஏ.ஏ.யும் சேர்ந்து வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று ஜி.ஏ.ஏ.கோ என்ற நேரலைச் சேவையைத் தொடங்கின. டுபாயில் இருக்கிறவரும் சிட்னியில் இருக்கிறவரும் காசு கட்டிப் போனில் பார்க்கலாம். பப்புக்குப் போகத் தேவையில்லை. தனி அறையில் கட்டிலில் கிடந்துகொண்டு பார்க்கலாம். வசதிதான். கோல் விழுகிற நேரம் பக்கத்தில் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை என்பதைத் தவிர.

2023 இல் கதை தலைகீழானது. ஸ்கை விட்டுப்போன மட்சுகளை ஜி.ஏ.ஏ.கோ எடுத்துக்கொண்டு, அயர்லாந்துக்குள்ளேயும் அவற்றைக் கட்டணத்தோடு இணையத்தில் மட்டும் காட்டியது. வெளியில் போனவர்களுக்காகக் கட்டின வாசல், இப்போது ஊருக்குள் வந்து நின்றது. வேகமான இணையம் இல்லாத கிராமத்து வயோதிபர்கள் தங்கட மாவட்டத்தின் மட்சை எப்படிப் பார்ப்பது என்று பாராளுமன்றம் வரைக்கும் சண்டை போனது. அதே வருடம் ஏப்ரல் 14 இல், ஆர்.ரி.ஈ. தன் நெட்டலை வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. 252 கிலோஹேர்ட்ஸ். பிரித்தானியாவில் இருக்கிற வயதுபோன ஐரிஷ்காரர் அதில்தான் ஞாயிறு மட்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2014 இலேயே நிறுத்தப் பார்த்தபோது அவர்கள் போட்ட சத்தத்தில் ஒன்பது வருடம் தள்ளிப்போனது. இந்தமுறை சத்தம் போட முந்தின அளவுக்கு ஆக்கள் மிச்சம் இருக்கவில்லை.